குருநாதன் போட்ட வளையல்கள்

எங்கள் ஊரில் கண்ணாடி வளையல் உடையாமல் போன ஒரு காலம் இருந்தது. எல்லா வளையலும் இல்லை, குருநாதன் தன் கையால் எங்கள் கையில் போட்டுவிட்ட வளையல்கள் மட்டும்தான். ஆனால் குருநாதன் கை படாத பெண்ணின் கை எங்கள் ஊரில் எது, அதனால் எல்லா வளையலும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

குருநாதன் வளையல்காரன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. மொபெட்டின் பின்னால் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால் சுற்றுப்பட்டி ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவான். பெண்பிள்ளை பெரியவளானாலும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வளைகாப்பு வைத்தாலும், கோயில் கொடை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவோம், ஏனென்றால் அவனைப் போலக் கை நோகாமல் வளையல் போடுகிறவன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக் காய்த்துப்போன எங்கள் கைகளை அவன் வாங்கித் தன் முழங்காலில் வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, ஈரப் பஞ்சைப் பிழிகிற மாதிரி மெல்லப் பிழிந்து, "வலிக்குதா தாயி, வலிக்குதா தாயி" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக ஏற்றுவான். கட்டின புருஷன்கூட இப்படிக் கையைப் பிடித்ததில்லை என்று எங்கள் தெரு ரோசம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம், அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

அந்தக் கைதான் நான்கு பெண்களைக் கொன்றது. நான்காவது என் அக்கா மரகதம்.

நான்கு பேருக்கும் நான்கு ஊர். நான்கு பேரும் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர்கள். கழுத்தில் கிடந்த சங்கிலி கழுத்திலேயே கிடந்தது, பீரோ பூட்டினபடி இருந்தது, பக்கத்து வீட்டில் யாருக்கும் ஒரு சத்தம் கேட்கவில்லை. அந்நிய ஆண் ஒருவன் அடுப்படி வரைக்கும் எப்படி வந்தான், அவனுக்கு எப்படி உட்காரப் பலகை போட்டார்கள் என்று போலீஸுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பிடிபட்ட பிறகு அவனே சொன்னான்.

எங்கள் பக்கத்தில் புருஷன் போன பெண்ணுக்குக் கண்ணாடி வளையல் கிடையாது. காரியத்தன்று பெண்கள் நடுவில் உட்காரவைத்து, கை நிறைய வளையல் போட்டு, எல்லாவற்றையும் உடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் வெறுங்கைதான். வெறுங்கைக்காரி வளையல்காரனைத் தெருவாசலில் கூப்பிட முடியாது. கொல்லை வாசல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு டஜன் போட்டுவிடு குருநாதா, கொஞ்ச நேரம் இருக்கட்டும், அப்புறம் கழற்றிக்கொண்டு போ, யாரிடமும் சொல்லிவிடாதே. அவன் அடுப்படியில் உட்கார்ந்து போட்டுவிடுவானாம், அவர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களாம், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்பார்களாம். அவன் வந்துபோவது வெளியே தெரியக் கூடாது என்பதில் அவனைவிட அவர்கள்தான் கவனமாக இருந்திருக்கிறார்கள். ஊர் வாய்க்குப் பயந்து அவர்கள் சாத்தின கதவு, அவனுக்கு வசதியாகப் போயிற்று.

மரகதத்துக்கு வளையல்மேல் அவ்வளவு ஆசை இருந்தது என்பது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டபோதுதான் எனக்குத் தெரியும்.

ஏன் கொன்றாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒவ்வொரு காரணம் சொன்னான். இன்ஸ்பெக்டரிடம், அவர்கள் கையை ஆட்டிச் சிரித்தது பொறுக்கவில்லை என்றான். மாஜிஸ்திரேட்டிடம், கழற்றும்போது அவர்கள் அழுதது பொறுக்கவில்லை என்றான். பத்திரிகைக்காரர்களிடம், கை அதுவாகப் போய்விட்டது என்றான். வக்கீலிடம், சின்ன வயதில் அவனுடைய அம்மாவை அப்பா போட்டு அடித்த கதையைச் சொன்னான். இந்த ஊரில் அந்தக் கதை இல்லாத வீடு எது, எல்லோருமா கழுத்தை நெரிக்கக் கிளம்பினார்கள். ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் மாற்றாமல் சொன்னான். "வளையல் கிடந்தா அவுக கை ஐஸ் மாதிரி சில்லிட்டுப் போவுது சார், பிடிக்க முடியல. அதான் எல்லாத்தையும் மொதல்ல கழட்டிருவேன்." ஏட்டு அதையும் எழுதிக்கொண்டார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன ஐப்பசி மழைநாளில், நாங்கள் எல்லோரும் குழாயடியில் கூடி, அவன் போட்ட வளையல்களை உடைக்க உட்கார்ந்தோம். அவன் தொட்ட பொருள் உடம்பில் கிடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே அருவருப்பு. கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டினோம். கல்தான் பொடிந்தது. எண்ணெய் தடவினோம், சோப்பு போட்டோம், வளையல் மணிக்கட்டைத் தாண்டி வர மறுத்தது. ரோசம்மா வீட்டிலிருந்து அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓங்கி ஒரு போடு போட்டாள், குழவியில் ஒரு மூலை தெறித்துச் சாக்கடையில் விழுந்தது.

"போன பொங்கலுக்கு பஸ்ஸுல கம்பியப் பிடிச்சதுக்கே மூணு ஒடஞ்சுது. இப்பப் பாரு, சட்னி அரைக்கக் குழவி இல்லாமப் போச்சு" என்றாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆசாரி பட்டறைக்குப் போனோம், வெல்டிங் பட்டறைக்குப் போனோம். அரசு ஆஸ்பத்திரியில் மோதிரம் வெட்டுகிற கத்திரியால் முயன்று பார்த்துவிட்டு, இரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, தொந்தரவு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியே விட்டுவிட்டோம். வேறு என்ன செய்ய, சோறு பொங்க வேண்டும், ஆபீஸுக்குப் போக வேண்டும், கையை வெட்டிப் போட முடியுமா.

குளிர்வதை முதலில் கண்டுபிடித்தது கோமதி. அவள் புருஷன் மாடசாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குடித்துவிட்டு வந்து அவளை அடிப்பான். அப்படி ஒரு சனிக்கிழமை அவள் குடத்தைத் தூக்கும்போது வளையல்கள் சில்லென்று ஆகிவிட்டன, விரல் மரத்துக் குடம் நழுவியது, நிமிர்ந்து பார்த்தால் தெருமுனையில் மாடசாமி வந்துகொண்டிருந்தான். அவன் கிட்டே வரவரக் குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கு அடுத்த சனிக்கிழமை அவன் தெருமுனை திரும்பும்போது கோமதி ரோசம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது, மாடசாமி காலி வீட்டில் நின்று கத்திவிட்டுத் தூங்கிப்போனான்.

அடிக்க நினைக்கிற கை பக்கத்தில் வந்தால் வளையல் குளிரும். இது எங்கள் ஊருக்குத் தெரிந்துபோக அதிக நாள் ஆகவில்லை, பழகிப்போகவும் அதிக நாள் ஆகவில்லை. ஆண்கள் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடந்தார்கள், பிறகு சில பேர் உண்மையாகவே அடங்கிப்போனார்கள், சில பேர் கையை விட்டுவிட்டுக் காலைப் பயன்படுத்தினார்கள், அதற்கும் குளிர்ந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் பெண்களைப் பார்த்துத் தூரத்தில் நின்றே கும்பிட்டார்கள். பெண் பார்க்க மாப்பிள்ளை வந்தால் காபி கொடுக்க, குருநாதன் வளையல் கிடக்கிற ஒருத்தியை வெளியூரிலிருந்துகூட வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். நானே இரண்டு மூன்று வீட்டுக்குப் போயிருக்கிறேன். டம்ளரை நீட்டும்போது யாரும் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க மாட்டார்கள், என் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை, தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்ன ஒரு பையனிடம் டம்ளரை நீட்டினபோது என் விரல் விறைத்துவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல், "காபி ஆறிப்போச்சு, வேற கொண்டாரேன்" என்று உள்ளே போய்விட்டேன். பெண்ணின் தகப்பனார் வந்தவர்களை மரியாதையாக அனுப்பிவைத்தார். இன்றைக்கும் எங்கள் ஊரில் காபி ஆறிப்போச்சு என்றால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

மாடசாமி மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். காரியத்தன்று அவனுடைய அக்காமார் வந்து கோமதியை நடுவில் உட்காரவைத்து, குருநாதன் போட்ட வளையல்மேல் புது வளையல்களைப் போட்டு உடைத்தார்கள். புதியவை உடைந்தன. அடியில் கிடந்த பச்சை வளையல்கள் அப்படியே கிடந்தன. மூத்தவள் கல்லை மாற்றி மாற்றித் தட்டிக் களைத்துப்போய், "என்ன கூத்துடி இது, தாலி அறுத்தவ கையில பச்ச வளையலா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோமதி எழுந்து போய்க் குளித்தாள். ஒரு மாதம் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பினவர்கள், அடுத்த மாதம் திருப்பவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அவள் கையைப் பூசாரி பார்த்தார், திருநீறு கொடுத்தார், அவ்வளவுதான்.

பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்கும்போதும் குளிர்ந்தது. அதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம். ஜன்னலுக்கு வெளியே எவனோ நிற்கிறான் என்று எட்டிப் பார்ப்போம், கொல்லைக் கதவைச் சாத்துவோம், போகிற ஆளைச் சந்தேகப்படுவோம், அதற்குள் பிள்ளை தப்பித்து ஓடிவிடும். குளிர் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் எதிர்வீட்டில் அம்சவேணி இருந்தாள்.

அம்சவேணி குருநாதனின் பெண்டாட்டி. பிள்ளை கிடையாது. போலீஸ் அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வந்தவள் முன்கதவைத் திறக்கவே இல்லை. கொல்லை வழியாகப் போனாள், கொல்லை வழியாக வந்தாள். கடைக்காரர் அவளுக்கு மட்டும் சரக்கு இல்லை என்றார். ஆபீஸில் வேலை இல்லை என்றார்கள். குழாயடியில் அவள் குடத்தை வரிசையில் வைத்தால் யாராவது காலால் தள்ளிவிடுவோம்.

எனக்கு அவள் அங்கே இருப்பது பொறுக்கவில்லை. விடிந்தால் வாசல் தெளிக்க வேண்டும், நிமிர்ந்தால் அந்த வீடு. சோறு வடிக்கும்போது அவள் வீட்டுப் புகை. மரகதம் செத்துப்போய், அவளைக் கொன்றவனுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் உயிரோடு அடுப்பு மூட்டுகிறாளே என்று நினைத்தால் எனக்கு வாயில் வைத்த சோறு இறங்காது. இந்தக் கைக்குத் தெரியாமலா அந்தக் கை அத்தனை செய்தது, ஒரே பாயில் படுத்தவளுக்கு ஒரு வாடைகூடவா வரவில்லை. நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் வராது, என் வீட்டுக்காரர், இவர் எழுந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீ அந்தப் பக்கம் பாக்காத, திரும்பிப் படு" என்பார்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவள் கொல்லையில் துணி காயப்போட வந்தால் என் வளையல் சில்லிட்டது. அவள் இருமுகிற சத்தம் கேட்டால் சில்லிட்டது. ஒரு நாள் சந்தில் எதிரே வந்துவிட்டாள். என் இரண்டு கையும் தோள்பட்டை வரைக்கும் விறைத்துப்போய், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போனாள்.

ஓடிப்போய் ரோசம்மாவிடம் சொன்னேன்.

"நெசமாவா கனியக்கா?"

"எங்க அக்கா மேல சத்தியம். மாடசாமிக்குக்கூட இந்தக் குளிர் கிடையாதுன்னு கோமதி சொல்லுவா. இவ பக்கத்துல வந்தா எலும்புக்குள்ள போவுது."

"அப்ப அவளும் கூட்டுதான்" என்றாள் ரோசம்மா. "போலீஸுக்கு என்ன தெரியும், அவுக கையில வளையலா கெடக்கு?"

சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. சொல்லிவைத்த மாதிரி எல்லோருக்கும் அம்சவேணியைக் கண்டால் குளிர்ந்தது. அவளைப் பற்றிப் பேசினாலே குளிர்ந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. ஒருத்தி மண்ணெண்ணெய் கேனைக் கொண்டுவந்திருந்தாள். தீப்பெட்டி எல்லோர் மடியிலும் இருந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டி இல்லாத மடி எது. ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பெண்கள் சமாச்சாரம் என்று டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் என் முந்தானையைப் பிடித்து, "வேண்டாம்" என்றார். நான் உதறினேன்.

தெருவைத் தாண்ட எத்தனை எட்டு இருக்கும், அந்த ஒவ்வொரு எட்டுக்கும் குளிர் ஏறியது. மணிக்கட்டில் ஏறியது, முழங்கையில் ஏறியது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, எங்களுக்குப் பல் கிட்டுகிறது. வாய்விட்டு மூச்சு விட்டால் ஆவி வந்தது.

"உள்ளதான் இருக்கா" என்றாள் ரோசம்மா. "எங்கையப் பாரு, நீலம் பாஞ்சிருச்சு."

"ஏட்டி அம்சவேணி! வெளிய வாட்டி!" என்று கத்தினேன்.

சத்தம் இல்லை. கேனைத் திறந்து கதவில் ஊற்றினார்கள். முதல் குச்சி என் உரிமை என்று எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பெட்டியை எடுத்தேன். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மாட்டேன் என்றன. பிறந்து விவரம் தெரிந்த நாளிலிருந்து குச்சியோடு புழங்கின விரல்கள், ஒரு குச்சியைப் பிடிக்க முடியவில்லை. உரசப் போனேன், விழுந்தது. இன்னொன்று எடுத்தேன், விழுந்தது. பக்கத்தில் ரோசம்மா முயன்றாள், அவள் கையிலிருந்து பெட்டியே விழுந்தது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லாக் கையிலிருந்தும் குச்சிகள் பொலபொலவென்று மண்ணில் கொட்டிக்கொண்டிருந்தன.

"யாரைக்கா தேடுதிய?"

குரல் எங்களுக்குப் பின்னால் கேட்டது.

அம்சவேணி தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடத்தோடு தெருவில் நின்றாள். குழாயடியில் விடமாட்டோம் என்பதால் மேற்கே தோட்டத்துக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள். அந்தக் கிணறு ஊரைத் தாண்டி வெகுதூரம். காலெல்லாம் கரிசல் மண். எங்களைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். தலைக் குடத்தை இறக்க முடியாமல் தடுமாறினாள், பழக்கத்தில் கோமதி கைகொடுத்து இறக்கிவிட்டாள்.

"வீட்டுல யாரும் இல்லியேக்கா" என்றாள்.

கொல்லையைச் சுற்றிப் போய் அவளே முன்கதவைத் திறந்துவிட்டாள். மண்ணெண்ணெய் சொட்டுகிற கதவு. உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்பானை, சுவரில் ஒரு காலண்டர். ஆள் கிடையாது. பூனைகூடக் கிடையாது. அந்தக் காலி வீட்டைத்தான் நாங்கள் நெருங்கி நெருங்கி வந்தோம், குளிர் ஏறி ஏறி வந்தது.

இன்னும் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது.

ரோசம்மா தெருவை மேலும் கீழும் பார்த்தாள். ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. "அப்ப இது யாருக்கு?" என்றாள், வழக்கமான அவள் குரல் இல்லை அது.

கோமதி தன் கையைப் பார்த்துக்கொண்டே, "எம்பிள்ளைய அடிக்கப் போகையிலயும் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

எனக்கு மட்டும் அடங்கவில்லை. "நீ ஏன்டி இன்னும் இந்த ஊருல இருக்க? போயித் தொலையேன்டி!" என்று கத்தினேன். குளிரில் என் தாடை ஆடியது, பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"எங்கக்கா போவேன்? எந்த ஊருக்குப் போனாலும் அங்கயும் அவுக வளையல் போட்டிருப்பாக."

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வரும்போது கூட்டமாக வந்தவர்கள், போகும்போது ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் நடக்கவில்லை. அக்குளுக்குள் கையை இடுக்கிக்கொண்டு, சுவர் ஓரமாகத் தனித்தனியாகப் போனார்கள். கடைசியாக நான் என் வாசலில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அம்சவேணி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து, மண்ணில் கிடந்த குச்சிகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் குடத்தை யாரும் தள்ளவில்லை. யாரும் பேசவும் இல்லை. கடைக்காரருக்குச் சரக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை அடிக்கக் கை ஓங்கிக் குளிரும்போது நாங்கள் ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்போம், பிறகு அதே கையால் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவோம்.

குருநாதனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்த நாளில் ஆபீஸில் டிவியைப் போட்டுவிட்டார்கள். நாங்கள் கைவேலையை வைத்துவிட்டுப் பார்த்தோம். அவன் முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிக்கொண்டு போனார்கள், கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகளைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் குளிர்ந்தது. சாகட்டும் என்று ஒருத்தி முனகினாள், நானும்தான் முனகினேன். அவன் சாக வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்று இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை, குளிர் போகிற வரைக்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அம்சவேணி வளையல் விற்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அவளாக ஆரம்பிக்கவில்லை. மேலத்தெரு ஆவுடையம்மாள், புருஷன் போய் வெகுகாலம் ஆனவள், ஒரு நாள் பட்டப்பகலில் அந்த வீட்டு முன்வாசலில் போய் உட்கார்ந்து, "உம் புருஷங்கிட்ட நான் தப்பிச்சது எப்படின்னே எனக்குத் தெரியல. எங்கொல்லைக்கும் அவன் வந்துட்டுப் போயிருக்கான். எனக்கு வளையல் வேணும். தெருவுல வச்சுப் போடு" என்றாளாம். அம்சவேணி மறுநாள் பஸ் ஏறிப் போய்ச் சரக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். ஆவுடையம்மாள் கை நிறையப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்து வீட்டுக்குப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வெறுங்கைக்காரிகள் வந்தார்கள். கொல்லை வழியாக யாரும் வரவில்லை.

நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். மற்றவர்களுக்கெல்லாம் அவளைக் கண்டால் குளிர்வது நின்றுவிட்டது, எனக்கு நிற்கவில்லை. முன்னைப்போல் எலும்புக்குள் போகாது, ஆனால் நிற்கவும் இல்லை. வெயில் காலத்திலும் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். இப்படியே என் காலம் போய்விடுமோ, செத்தால் இந்தக் குளிரோடேதான் எரிப்பார்களோ என்று அதுவேறு கவலை.

மரகதத்தின் திவசம் வந்தது. படத்துக்குச் சந்தனம் வைத்தேன், பூ வாங்கிப் போட்டேன். போட்ட பூவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கேட்டது பூ இல்லை.

இவர் என்னவென்று கேட்பதற்குள் நான் தெருவைத் தாண்டிவிட்டேன்.

அம்சவேணி பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள், எழுந்திருக்காமல் பின்னால் நகர்ந்தாள். அவள் பயந்ததில் தப்பு இல்லை.

"எங்க அக்கா படத்துக்கு ஒரு டஜன் வளையல் வேணும்" என்றேன்.

"என்ன அளவுக்கா?"

அளவு. அவள் கை அளவு எனக்கு எப்படித் தெரியும். சின்ன வயதில் அவள் பாவாடையை நான் கட்டினேன், அவள் செருப்பை நான் போட்டேன், அவள் வளையல்...

"எனக்கும் அவளுக்கும் ஒரே கைதான்" என்றேன்.

"அப்ப கையக் குடுங்க. போட்டுப் பாத்துத்தான் எடுக்கணும்."

நான் உட்கார்ந்தேன். துண்டை அவிழ்த்துக் கையை நீட்டினேன். அவள் விரல் என் கையில் பட்டதும் வளையல்கள் சில்லிட்டன. அந்தச் சில்லிப்பு அவளுக்கும் தெரிந்தது, அவள் விரல் நுனி சட்டென்று வெளுத்தது. குருநாதன் இந்த இடத்தில்தான் கழற்ற ஆரம்பித்திருப்பான். அவள் கையை எடுக்கவில்லை. என் கையைத் தன் முழங்காலில் வைத்து, கட்டைவிரலை மடக்கி, மெல்லப் பிழிய ஆரம்பித்தாள். அவனுடைய வேலைதான், அவனிடம் பார்த்துப் பழகினதுதான்.

"அவன் ஒன்னத் தொடும்போது ஒரு நாளாவது ஒன் வளையல் குளுந்துச்சா?" என்று கேட்டேன். இத்தனை நாள் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது.

"இல்லக்கா" என்றாள். "ஒரு நாளும் இல்ல. அதுதாங்க்கா எனக்குப் பயமா இருக்கு."

அவள் கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை, கண்ணீர் பாட்டுக்கு மூக்கு நுனியில் நின்றது. ஒரு பச்சை வளையலை எடுத்து என் விரல்களில் மாட்டினாள். குளிரில் அவள் கையும் விறைத்திருக்கிறது, என் கையும் விறைத்திருக்கிறது; கணு எலும்பைத் தாண்டும்போது வளையல் கிளிங் என்று உடைந்தது.

எவ்வளவு காலமாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. ஒரு துண்டு என் புறங்கையில் கீறி, பொட்டு அளவுக்கு இரத்தம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்தோம். வழக்கமாக இருந்தால் அபசகுனம் என்று பதறியிருப்பேன், ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

"ஒடஞ்சிருச்சுக்கா" என்றாள் அம்சவேணி. ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி இருந்தது அவள் குரல்.

அடியில் குருநாதன் போட்டவை கிடந்தன, உடையாமல், குளிர்ந்துகொண்டு. சூடாகிவிட்டன என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பிடியும் விடவில்லை, நானும் கையை இழுக்கவில்லை.

"இன்னொண்ணு போடு" என்றேன்.